சோடிகளை அப்படியே கவுண்டரில் போட்டால் கூட்டுத்தொகை வராது

மேலே ஒரு நண்பர், "பொருள், எண்ணிக்கை என்று சோடி சோடியாக இருக்கும் பட்டியலைப் பைத்தான் நிரல்மொழியில் எண்ணிச் சொல்லும் கவுண்டர் (Counter) என்ற கருவிக்குக் கொடுத்தால் போதும், பொருள்வாரி மொத்தம் வந்துவிடும்" என்கிறார். வராது. நம் வேலந்தாவளம் சந்தைக் கணக்கை இதை நம்பிப் போட்டால் வியாபாரிக்குத்தான் நஷ்டம்.

பெட்டிக் கணக்கில் வரவு இப்படி என்று வையுங்கள்: (தக்காளி, 12), (கத்தரி, 5), (தக்காளி, 8). கவுண்டர் ஒவ்வொரு சோடியையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, அது எத்தனை முறை வந்தது என்று மட்டுமே எண்ணும். மூன்றுக்கும் 1, 1, 1 என்றுதான் கிடைக்கும். டிக்‌ஷனரியாக (ஒரு பெயருக்கு ஒரே மதிப்பு மட்டும் வைக்கும் பட்டியல்) மாற்றிக் கொடுத்தால் மதிப்புகளை எண்ணிக்கையாக எடுக்கும், அது சரி. ஆனால் மாற்றும்போதே முதல் தக்காளி அழிந்து கடைசி 8 மட்டும் நிற்கும். 12 பெட்டி காணாமல் போகும், பிழைச் செய்தியும் வராது. இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

சரியான வழி ரொம்ப எளிது. வெற்றுக் கவுண்டர் ஒன்றை 'மொத்தம்' என்ற பெயரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோடிக்கும் மொத்தம்[காய்] += பெட்டி என்று லூப்பில் கூட்டுங்கள். இல்லாத பெயருக்குக் கவுண்டர் 0 தரும், அதனால் 'அந்தப் பெயர் இல்லை' என்ற பிழை (கீ எரர்) வராது. தக்காளி 20, கத்தரி 5.

அப்புறம், பெயரைத் தமிழிலேயே வைப்பவர்கள் கவனிக்க: கொத்தவரங்காயின் 'கொ'வில் உள்ள குறியை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணக்கில் இரண்டு வரிகளாகப் பிரியும். கூட்டும் முன் துண்டுகளை ஒரே எழுத்தாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றி, ஓரத்து இடைவெளியையும் வெட்டிவிடுங்கள்.