பதிவு போட்டால் ஏஐ மீட்புப் படகை அனுப்பிவிடுமா?

"வெள்ளத்தில் சிக்கினால் சமூக வலைதளத்தில் ஒரு பதிவு போடுங்கள், போதும். செயற்கை நுண்ணறிவு உங்கள் இடத்தைக் கண்டுபிடித்து மீட்புப் படையை அனுப்பிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. நம்பிக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

2023 பிப்ரவரி 6 துருக்கி நிலநடுக்கத்தில் இந்தத் தொழில்நுட்பம் உதவியது உண்மைதான். சிக்கியவர்களின் முகவரிகள் ஸ்கிரீன்ஷாட்டுகளாகப் பரவின. சில மணி நேரத்திலேயே தன்னார்வ நிரலாளர்கள் கூடி 'அஃபெத் ஹரிதா' என்ற வரைபடத்தைத் தொடங்கினார்கள். படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க ஒரு மென்பொருள். அதில் தெரு எது, கட்டட எண் எது என்று இனங்காண இன்னொன்று. அப்புறம் அந்த முகவரி வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். அதோடு கணினியின் வேலை முடிந்தது. அந்தப் புள்ளியைத் தேடிப் போக வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

"எங்க ஏரியா முழுக்கத் தண்ணி, காப்பாத்துங்க" என்று மட்டும் எழுதினால் எந்த ஏரியா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. இருப்பிடக் குறியீட்டோடு வரும் பதிவுகள் மிகச் சொற்பம். போதாததற்கு, பிப்ரவரி 8 அன்று துருக்கியில் ட்விட்டரே பல மணி நேரம் முடங்கியது.

எனவே முதலில் 112-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. லைன் கிடைக்கவில்லையா? சரி, பதிவு போடுங்கள்: கதவு எண், தெரு, ஊர், எத்தனை பேர், தேதி, நேரம். மீட்கப்பட்டதும் அதை நீக்கிவிடுங்கள்.