எத்தனை வருடம் காக்க வைக்கிறார்கள்?

குடியேற்றம் என்று பேச்சு வந்தாலே, எந்த நாடு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, எது சாத்திவிட்டது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். எல்லையைக் காக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. யாரை ஏற்பது, எத்தனை பேரை ஏற்பது என்பதை அந்த நாட்டு மக்கள் முடிவு செய்யட்டும். வாசலில் நிற்பவருக்கு ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், அவருடைய வயதைத் தின்று தீர்க்கும் சட்டங்கள் மேல்தான் என் கோபமெல்லாம்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு, அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. மனைவி, பிள்ளைகளும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதம்தான் வரம்பு. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. மற்றவர்கள் எடுக்காமல் மிச்சம் விழுந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இதனால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அந்த வரிசையில் நிற்கிறது. எந்தத் தேதிவரை விண்ணப்பித்தவர்களின் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு வெளியிடும் விசா புல்லட்டின் மாதம் ஒருமுறை வந்ததும், இந்தியாவுக்கு நேரே போட்டிருக்கும் தேதியை அப்பா காலண்டரில் குறித்து வைப்பார். சில மாதம் இரண்டு வாரம் நகர்ந்திருக்கும். சில மாதம் அசையவே அசையாது. ஒருமுறை பின்னுக்கே போய்விட்டது. மூன்று வயதில் அங்கே போன மகளுக்கு இப்போது இருபது. 21 முடிந்தால் பெற்றோரைச் சார்ந்த விசா போய்விடும். மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அவளுடைய இருபதாவது பிறந்தநாளன்று வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். “இன்னும் ஒரு வருடம்தான்” என்றார் அவள் அம்மா. அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

கனடா 1967இலேயே புள்ளி முறைக்கு வந்துவிட்டது. திறமையாளர்களைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொத்தம் 1,200 புள்ளிகள். வயது, படிப்பு, மொழித் தேர்ச்சி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் எத்தனை புள்ளி என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பதைத் தாண்டினால் புள்ளி குறைந்துகொண்டே போகும். இரக்கம் இல்லாத கணக்குதான், ஆனால் நம் இடம் எது என்று நமக்கே தெரிந்துவிடும். 2025ஆம் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் என்றிருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கை 2024 அக்டோபரில் 3,95,000 ஆகக் குறைத்தார்கள். பலருக்கு அது பெரிய அடி. அதையும் எண்ணிக்கையோடு முன்கூட்டியே அறிவித்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் கதை எனக்குத் தாங்க முடியாதது. படகில் வருபவர் உண்மையான அகதியே ஆனாலும் இங்கே குடியமர்த்த மாட்டோம் என்று 2013 ஜூலையில் அறிவித்து, வந்தவர்களை நவ்ரு, மானுஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். கடலில் மக்கள் மூழ்கிச் செத்தார்கள், அதைத் தடுக்கத்தான் என்றார்கள். அந்தச் சாவுகள் உண்மை. அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஆண்டுக்கு 150 பேரை நாங்கள் ஏற்கிறோம் என்று நியூசிலாந்து அதே 2013இல் முன்வந்தது. ஆஸ்திரேலியா அதற்குச் சம்மதித்தது 2022இல். அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

வளைகுடா நாடுகள், குடியுரிமை கிடைக்காது என்பதை முதல் நாளே தெளிவாக்கிவிடுகின்றன. அங்கே கொடுமை கஃபாலா முறையில் இருந்தது: ஆளை ஒரே முதலாளியிடம் கட்டிப்போடுவது. கத்தார் 2020இல், முதலாளியின் அனுமதி இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது.

பணக்கார நாடுகளால் முடியாததைக் கொலம்பியா செய்து காட்டியது. வெனிசுவேலாவிலிருந்து சுமார் 17 லட்சம் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள்; பாதிக்கு மேல் ஆவணம் இல்லாதவர்கள். 2021இல் அவர்களுக்குப் பத்தாண்டு தற்காலிகப் பாதுகாப்பை அறிவித்தார்கள். பதிவு செய்துகொண்டால் வேலை பார்க்கலாம், மருத்துவமனைக்குப் போகலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். பத்தாண்டு என்று தெரிந்தால் மனிதர் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வார், கடை வைப்பார்.

பிற நாடுகளைச் சொல்லும்போது நம்மை விட்டுவிட முடியாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் ஆணை வந்தது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் முதல் அகதிகள் வந்தது 1983இல். முகாமில் பிறந்து, அங்கேயே திருமணம் செய்து, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் படிவங்களில் தங்கள் நாடு இலங்கை என்றே எழுதுகிறார்கள். அவர்கள் இலங்கையைப் பார்த்ததே இல்லை.