வண்டி தயார், காகிதங்கள்தான் பாக்கி

பிரிட்டனிலிருந்து மோட்டார்ஹோமில் ஐரோப்பாவுக்குக் கிளம்புவதென்றால், டயரில் காற்று பார்ப்பதைவிடக் காகிதங்களைச் சரிபார்க்கவே அதிக நேரம் போகிறது. 2021 செப்டம்பர் 28 முதல் வண்டியின் பின்னால் நாட்டைக் குறிக்க ஒட்டும் ‘ஜிபி’ ஸ்டிக்கர் செல்லாது, ‘யூகே’தான் என்றார்கள், பழையதைச் சுரண்டிய பசைத்தடம் இன்னும் போகவில்லை. கடவுச்சீட்டு காலாவதியாகாவிட்டாலும், நுழையும் நாளில் அது வழங்கப்பட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் உள்ளே விடமாட்டார்கள். எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில், தங்கலாம் என்ற கணக்கோ, நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ண வைத்துத் தலையைச் சுற்ற வைக்கிறது. எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டுவது மருத்துவக் காப்புதான்: வெளிநாட்டுச் சிகிச்சைக்கென பிரிட்டன் தரும் இலவச ஜிஹெச்ஐசி அட்டை அங்குள்ள அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுமே தவிர, நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவை ஏற்காது, அதற்கெனத் தனிக் காப்பீடு எடுக்கப் போனால், சென்ற ஆண்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் ஏற்றுக்கொண்ட அதே இரத்த அழுத்த மாத்திரைக்கு இந்த ஆண்டு குறுக்கு விசாரணையே நடத்துகிறார்கள்.