அமுதவல்லி சும்மா சுற்றவில்லை

ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த சினிமாக் கூட்டத்தில் 'மந்திரிகுமாரி' படத்தைப் பற்றி நான் பேசும்போது ஒருவர் குறுக்கிட, அரங்கமே சிரித்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த 40 செகண்ட் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் "என்ன டீச்சர், இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. 'மந்திரிகுமாரி'யில் தன்னைக் கொல்வதற்காக மலை உச்சிக்குக் கூட்டிவந்த புருஷனை அமுதவல்லி மூன்று முறை சுற்றி வருகிறாளே, அந்தச் சுற்றுதான் படத்தின் ஆகப் பெரிய படிமம் என்றேன். கும்பிடுகிறவளாக இருந்தால்தான் அவளால் அவனுடைய முதுகுப் பக்கம் போக முடியும். தன்னைச் சாமி என்று நம்புகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். எந்தப் பணிவு அவளைக் கட்டிப்போட்டதோ அதையே வைத்து அவனைத் தள்ளிவிடுகிறாள். வசனத்துக்குப் பேர்போன படம் அது. அதில் ஒரு பெண் தன் வாழ்க்கையிலேயே பெரிய முடிவை எடுத்துவிட்டாள் என்பதை அவள் நடைதான் சொல்கிறது.

இவ்வளவுதான் சொன்னேன். உடனே முன்வரிசையிலிருந்து, "மேடம், எழுதினவரே இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாரு. கதைக்குத் தேவைப்பட்டுச்சு, சுத்துனா. பரீட்சைக்கு நோட்ஸ் குடுக்கற மாதிரி பேசாதீங்க" என்று குரல் வந்தது. அரங்கமே சிரித்தது.

சரி, எழுதினவர் யோசித்தாரா என்றே பார்ப்போம். 1950இல் கலைஞர் வசனம் எழுதி, நம்ம ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். ஆனால் அந்த மலை உச்சிக் காட்சி அவர் கற்பனையில் முளைத்தது இல்லை, குண்டலகேசியில் இருந்து வந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. காப்பியம் அழிந்துபோய் 19 பாட்டுதான் கைக்குக் கிடைத்திருக்கிறது. பௌத்த நூலான தம்மபதத்துக்குப் பாலி மொழியில் எழுதிய உரையிலும் இதே கதை இருக்கிறது. அங்கேயும் அவள் வலம்வந்து, கும்பிட்டு, பின்பக்கம் போய்த்தான் தள்ளுகிறாள். காப்பியமே போய்விட்டது, அந்தச் சுற்று போகவில்லை! கதைக்கு ஒரு தள்ளல்தான் தேவை என்றால் பக்கத்தில் நின்றபடியே தள்ளியிருக்கலாமே. சொன்னவர்கள் எல்லோரும் அந்தக் கும்பிடை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார்கள்? ஒரு தனி ஆள் என்ன நினைத்தார் என்று கேட்டு மூடிவிடக்கூடிய விஷயமா இது?

நான் இதை எந்தப் புத்தகத்திலும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொன்னது.

அம்மாயி ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். கார்த்திகையில் ஆரம்பித்தால் தை வரைக்கும் பனியில் நின்று பறிக்கணும். கட்டைவிரல் நகத்தோரம் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. ஒரு எழுத்து தெரியாது. நான் ஏழாவது படிக்கும்போது லீவுக்கு மேலே போயிருந்தேன். பக்கத்து லைன் வீட்டு டிவியில் இந்தப் படம் போட்டார்கள். அம்மாயி முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தார். 'வாராய் நீ வாராய்' பாட்டு வந்ததும், "இது நம்ம மலை" என்றார். அப்புறம் அவள் சுற்ற ஆரம்பித்தாள். அம்மாயியின் கை முறத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. "பாரு கண்ணு, கோயிலச் சுத்தற மாதிரியே சுத்தறா. அவனும் சாமியாட்டமே நிக்கறான். செத்தான்" என்றார்.

அவள் தள்ளுவதற்கு முன்னால் சொன்னார். இதைக் கவனியுங்கள். கதை தெரிந்து சொன்னதில்லை, முதல் முறை பார்க்கிறார். அந்தச் சுற்றைப் பார்த்தே அம்மாயிக்கு முடிவு தெரிந்துவிட்டது. தாத்தா எப்படிப்பட்டவர், அம்மாயி எத்தனை வெள்ளிக்கிழமை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பார் என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. எழுத்தே தெரியாத ஒரு கூலிக்காரப் பெண்ணுக்குத் தெரிந்ததை 'நோட்ஸ்' என்கிறீர்கள்.

இன்னொருவர் கமெண்ட்டில், இதெல்லாம் வெள்ளைக்காரன் தியரி, தமிழுக்கு ஒட்டாது என்று எழுதியிருக்கிறார். பாட்டுக்குள் மறைந்திருக்கும் அர்த்தத்துக்கு உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியமே பேர் வைத்திருக்கிறது. சொல்லாமல் விட்டதைக் கேட்கிறவர்தான் எடுத்துக்கொள்ளணும் என்பது நம் கவிதைக்கு அடிப்படை. குறுந்தொகை 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாட்டு. என்னைச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. கடைசியில், தினைத்தாள் போலச் சிறிய பசுங்கால் கொண்ட ஒரு குருகும் (கொக்கு மாதிரி ஒரு பறவை) இருந்தது, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது என்கிறாள்.

இதைப் பதினொன்றாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். பாதிப் பிள்ளைகள் கொலுசுப் பட்டறை வீடுகளில் இருந்து வருகிறவர்கள். குருகு எதுக்கு என்று கேட்டேன். பின்பெஞ்சில் ஒரு பொண்ணு, பெரும்பாலும் வாயே திறக்காது, எழுந்து, "அது பாத்துருக்கும் மிஸ். ஆனா அதுக்கு மீனுதான் முக்கியம். சாட்சி சொல்ல வராது" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க தெருவுலயும் அப்படித்தான் மிஸ்" என்றது. அன்றைக்கு அந்தப் பொண்ணை வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம். நான் குருகைக் கேட்காமல் கருத்துரையை மட்டும் எழுதிப்போட்டிருந்தால் அந்தப் பொண்ணு எழுந்திருக்காது.

அப்படியானால் யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா என்பீர்கள். சொல்ல முடியாது. திரையில் இருக்கணும், பாட்டில் இருக்கணும். அந்த மலைக்கு என்னென்னவோ அரசியல் அர்த்தம் சொன்ன நண்பருக்கு அன்றைக்கே நான் மறுப்புச் சொன்னேன்.

ஆராய்ந்தால் ரசனை போய்விடும் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குப் போகவில்லை.

"வில்லன்னா வில்லன்தானே, பாத்திரத்தை என்ன ஆராயறது" என்றும் ஒருவர் கேட்டார். 1979இல் வந்த 'உதிரிப்பூக்கள்' கடைசிக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்லி வில்லனைச் சூழ்ந்து ஊரே கூடி நிற்கிறது. அந்தக் கெட்டவன் திரும்பி, உங்களையெல்லாம் என்னை மாதிரி ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிறான். கெட்டவன் ஒழிந்தான் என்று எழுந்து போகிறவருக்கு அந்த ஊர்க்காரர்கள் முகம் எதற்கு? கரையில் விட்டுப்போன அவன் பிள்ளைகள் எதற்கு? இயக்குநர் மகேந்திரன் மெனக்கெட்டு அதையெல்லாம் காட்டியிருக்கிறார், நாம் பார்க்க மாட்டோமா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான். ஆனால் அந்தக் கேள்வி கேட்டவர் மேல் இல்லை. அவருக்குப் படவில்லை, சொன்னார். எனக்கு முன்னால் பேசிய ஐயா கேமரா கோணத்துக்கு இதைவிட நுணுக்கமாக விளக்கம் சொன்னார். அவரிடம் யாரும் "இயக்குநர் யோசிச்சாரா" என்று கேட்கவில்லை. அவர் சொன்னால் ஆய்வு, ஸ்கூல் டீச்சர் சொன்னால் நோட்ஸ். ஒரு பொண்டாட்டி புருஷனைத் தள்ளிவிட்டதை ஒரு பெண் மேடையேறி நியாயமாகப் பேசியதுதான் உறுத்தியதோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நாற்பது பேராவது இருந்தீர்கள். அமைப்பாளர்கள் மூவரும் எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் ஒருவர் மகள் என்னிடம்தான் படித்தாள். சிரிப்பு அடங்கின பிறகாவது "அவங்க முடிக்கட்டும்" என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாம். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு அந்தக் குருகுதான் ஞாபகம் வந்தது.

வீடியோ எடுத்தவர் இதைப் படிப்பார் என்று தெரியும். தம்பி, தயவுசெய்து முழுசாகப் போடுங்கள். என் பேச்சு 18 நிமிஷம். சிரிப்பு முடிந்த பிறகும் நான் உட்காரவில்லை, பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். எங்கள் அம்மாயி சொன்னது அதற்கு அப்புறம்தான் வருகிறது.