வாசலோடு நின்றுவிடும் வறுமைக் கணக்கு

நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல பரிமாண வறுமைக் குறியீட்டின்படி தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 சதவீதம். மனதார மகிழ வேண்டிய எண்தான். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் ஆரம்ப சுகாதார நிலையமும் பல பத்தாண்டுகள் உழைத்துக் கொண்டுவந்த எண் அது. ஆனாலும் வடசென்னையின் எண்ணூரை நினைத்தால் அந்தக் கணக்கை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேஸ் இணைப்பு, மின்சாரம், கழிப்பறை, வங்கிக் கணக்கு என்று 12 அளவைகளில் உள்ள குறைகளை எண்ணித்தான் இந்தக் குறியீடு ஒருவரை ஏழை என்கிறது. எண்ணூரை அடுத்த செப்பாக்கத்தில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் குடும்பத்திலும் இவையெல்லாம் இருக்கலாம். ஆழ்துளைக் கிணறு பக்கத்தில் இருந்தால் குடிநீரிலும் குறையில்லை என்றாகிவிடும். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை.

எண்ணூர்க் கழிவெளியில் இருளர் பெண்கள் நீரில் இறங்கி, பனையோலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். படகு வேண்டாம், வலை வேண்டாம், யாரிடமும் கூலிக்கு நிற்க வேண்டாம். அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் அந்தச் சேற்றின்மேல் படிந்து கொசஸ்தலை ஆற்றை மேடாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் அப்பிக்கொண்டது. ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமே போய்விட்டது. குறியீட்டில் ஒரு புள்ளிகூட அசையாது. சொத்துப் பட்டியலில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, கொசஸ்தலை ஆறு இல்லை.

2025-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் உலக வறுமைக் கணக்கோடு வெப்பம், வறட்சி, வெள்ளம், காற்று மாசு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். 110 கோடி ஏழைகளில் 88.7 கோடிப் பேர் இவற்றில் ஒன்றாவது தாக்கும் இடங்களில் வாழ்கிறார்கள். நல்ல தொடக்கம், பாராட்டுகிறேன். ஆனால் ஏற்கெனவே ஏழை என்று எண்ணப்பட்டவர்களை மட்டுமே அது பார்க்கிறது. ஆறு கெட்டதால் நொடித்துப்போனவர் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறதே என்பார்கள். வாரியம் நீரையும் காற்றையும் அளக்கிறது. அவை கெட்டதால் எந்த வீட்டில் வருமானம் நின்றது, எந்தக் குழந்தைக்கு மூச்சிரைப்பு என்பதை அளப்பதில்லை. நலத்திட்டப் பணம் எங்கே போக வேண்டும் என்ற பேச்சில் வறுமை எண்ணுக்கு இருக்கும் பலம் வாரிய அறிக்கைக்கு இல்லை. அதனால்தான் இந்தப் பாதிப்புகள் வறுமைக் கணக்குக்குள்ளேயே வர வேண்டும் என்கிறேன். தொழில் செய்யும் நீர்நிலையோ நிலமோ கெட்டதா, வேலை நாட்கள் குறைந்தனவா, வீட்டுக்குள் வெள்ளம் வந்ததா, குடிநீர் சோதிக்கப்பட்டதா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். பதில்களுக்கு மற்ற அளவைகளைப் போலவே மதிப்பெண் தர வேண்டும். டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாநில அரசே வடசென்னையிலும் பொன்னேரி வட்டத்திலும் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கலாம்.