அனுமதியின்றி மாறும் ஷட்டர் வேகம்

மதுரை டவுன் ஹால் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கும் ஒரு கேமரா பழுதுபார்க்கும் கடை. தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கழுத்தில் கேமராவும் கையில் நான்காக மடித்த முழுத்தாளுமாக வந்து நிற்கிறார்.

பெரியவர்: தம்பி, இந்தக் கேமராவின் நடத்தை குறித்துப் புகார் கொடுக்க வந்திருக்கிறேன். நிகழ்வுகளைத் தேதிவாரியாக எழுதியிருக்கிறேன். நான் படிக்கட்டுமா, அல்லது நீங்களே வாங்கிப் படித்துக்கொள்கிறீர்களா?

கடைக்காரர்: வாயால் சொன்னாலே போதும், ஐயா. ஷட்டர் விழவில்லையா?

பெரியவர்: விழுகிறது. நான் சொன்ன வேகத்தில் விழ மறுக்கிறது. மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டில், வெயில் ஏறுவதற்கு முன்பே கேலரியில் இடம் பிடித்து, வாடிவாசலுக்கு முன்னால் கொட்டிக் கிடந்த மணலைப் பார்த்தபோது ஷட்டர் வேகம் 1/500 நொடி என்று இருந்ததை என் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்துகொண்டேன். எங்கள் தெருக்காரரின் காளை வெளியே வந்த அந்தக் கணத்தில் அது 1/60 ஆகிவிட்டது. படத்தில் கொம்பிலிருந்து வால் வரை ஒரே பழுப்புப் பட்டை. மாட்டுக்காரர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் என் காளை எந்தப் பக்கம் போகிறது?” என்று கேட்டார்.

கடைக்காரர்: (கேமராவை வாங்கிப் பார்த்து) மேலே உள்ள டயல் ‘ஏ’ என்ற எழுத்தில் நிற்கிறதே, அதை அங்கே வைத்தது யார்?

பெரியவர்: நான்தான். எந்த வரிசையிலும் முதல் எழுத்தில் இருப்பதே முறை.

கடைக்காரர்: ‘ஏ’ என்பது அப்பர்ச்சருக்கு முன்னுரிமை கொடுக்கும் நிலை, ஐயா. லென்ஸின் துளை எவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அந்தத் துளைக்கும் அங்கிருக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ற ஷட்டர் வேகத்தைக் கேமரா தானே போட்டுக்கொள்ளும். உங்கள் அலுவலக வழக்கில் சொல்வதானால், ஷட்டர் சம்பந்தப்பட்ட அதிகாரங்கள் அனைத்தையும் நீங்கள் அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

பெரியவர்: அப்படி எந்தக் கோப்பிலும் நான் கையெழுத்திடவில்லை.

கடைக்காரர்: டயலைத் திருப்பியதே கையெழுத்துதான். காளை வெளியே வந்தபோது லென்ஸை ஜூம் செய்தீர்களா?

பெரியவர்: வாடிவாசல் எனக்கு எட்ட இருந்தது, செய்யாமல் எப்படி?

கடைக்காரர்: உங்களிடம் இருப்பது 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். 18-இல் அதன் துளை எஃப் 3.5 வரை திறக்கும். 55-க்குப் போனால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது; எஃப் எண் கூடினால் துளை சிறிது என்று பொருள். உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுவதால், 1/500 இருந்த இடத்தில் ஏறத்தாழ 1/200 வந்துவிடும். மணலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவை அதற்குப் பிறகு வாடிவாசலின் நிழலுக்குள் திருப்பியிருக்கிறீர்கள். மீதிக் குறைப்பு அங்கே நடந்தது.

பெரியவர்: சரி, காளை ஓடுகிற பிராணி, அதில் குழப்பம் வரலாம். ஆனால் திருமலை நாயக்கர் மகாலிலும் இதே கதைதான். முற்றத்துக்கு மேலே வானத்தைப் பார்த்தால் 1/1000 என்கிறது, தூணைப் பார்த்தால் 1/30 என்கிறது. மகால் கட்டியது 1636-இல்; அன்றிலிருந்து அந்தத் தூண்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நகராத தூணுக்கு வேகத்தை மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

கடைக்காரர்: தூண் நகர்கிறதா என்பது கேமராவுக்குத் தெரியாது, ஐயா. அதற்குள் இருக்கும் மீட்டர் வெளிச்சத்தை மட்டுமே அளக்கிறது. சட்டகத்துக்குள் வானம் நிறைய வந்தால் வேகத்தைக் கூட்டுகிறது, நிழல் நிறைய வந்தால் குறைக்கிறது. உங்கள் கேமராவில் இந்த அளவீடு ‘ஸ்பாட்’ முறையில் வேறு இருக்கிறது. நடுவில் ஒரு சிறு புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால், கேமராவை நான்கு விரற்கடை அசைத்தாலே கணக்கு மாறிவிடும்.

பெரியவர்: முழுக் கோப்பையும் படிக்காமல் ஒரு தாளைப் பார்த்து உத்தரவு போடும் அதிகாரி. எங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருந்தார்.

கடைக்காரர்: அதை ‘மேட்ரிக்ஸ்’ முறைக்கு மாற்றிவிட்டேன், இனி முழுச் சட்டகத்தையும் பார்க்கும். வேகம் மாறவே கூடாது என்றால் டயலை ‘எஸ்’ நிலையில் வையுங்கள். வேகத்தை நீங்கள் சொல்வீர்கள், துளையைக் கேமரா பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் போதவில்லை என்றால் திரையில் கண்சிமிட்டி எச்சரித்துவிட்டு, படத்தை இருட்டாக எடுத்துக் கொடுக்கும். ஆனால் வேகத்தில் கை வைக்காது.

பெரியவர்: (தாளில் விரலை வைத்து) இங்கேதான் உங்களைப் பிடிக்கிறேன். தங்கை மகள் கல்யாணத்தில் ஒரு பையன் இதை ‘எஸ்’ நிலையில்தான் வைத்துக் கொடுத்தான். 1/500 போட்டேன். மண்டபம் இருட்டாக இருந்ததால் ஃபிளாஷைத் தூக்கினேன். தூக்கிய மாத்திரத்தில் 1/200 ஆகிவிட்டது. நான் டயலைத் திருப்பத் திருப்ப அது 1/200-ஐத் தாண்டவே இல்லை.

கடைக்காரர்: அது விதிப்படி நடந்தது. உங்கள் ஷட்டரில் இரண்டு திரைகள் இருக்கின்றன. 1/200 வரை, முதல் திரை முழுவதும் திறந்த பிறகுதான் இரண்டாவது திரை மூடக் கிளம்பும். அந்த இடைவெளியில், படத்தைப் பதியும் சென்சார் முழுவதும் திறந்திருக்கும்போது ஃபிளாஷ் வெட்டிவிட்டுப் போகும். 1/500-இல் முதல் திரை போய்ச் சேருவதற்குள் இரண்டாவது திரை பின்னாலேயே கிளம்பிவிடுவதால், சென்சார் எந்த நேரத்திலும் முழுமையாகத் திறந்திருக்காது. ஒரு கீற்றுதான் மேலிருந்து கீழே ஓடும். ஃபிளாஷோ கண நேர வெட்டு. கீற்றில் இருப்பவர்களுக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும், மற்றவர்கள் மேல் கறுப்புப் பட்டை விழும்.

பெரியவர்: அதாவது மாப்பிள்ளை தெரிவார், பெண் தெரியமாட்டாள்.

கடைக்காரர்: கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் இருவருக்கும் தலை தெரிந்து கால் தெரியாமல் போகும், செங்குத்தாகப் பிடித்தால் நீங்கள் சொல்வது நடக்கும். அந்தச் சண்டையைத் தவிர்க்கத்தான் கேமரா வேகத்தை வரம்புக்குள் நிறுத்திவிட்டது. சில மாடல்களில் அந்த வரம்பு 1/250 வரை போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால், கீற்று ஓடி முடியும்வரை விட்டுவிட்டு வெட்டும் ‘ஹை ஸ்பீட் சிங்க்’ வசதி உள்ள வெளி ஃபிளாஷும், அதை ஏற்கும் கேமராவும் வேண்டும்.

பெரியவர்: எதிலும் யாரும் தலையிடாத நிலை ஒன்று கிடையாதா?

கடைக்காரர்: ‘எம்’ இருக்கிறது. துளை, வேகம் இரண்டும் உங்கள் கையில். ஆனால் சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ ‘ஆட்டோ’வில் இருந்தால், நீங்கள் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் அது ஐஎஸ்ஓவை ஏற்றிப் படத்தின் வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும், எதை மாற்றினாலும் படம் ஒரே மாதிரி வருகிறதே என்று இன்னொரு மனு எழுதுவீர்கள். அதையும் 400-இல் நிறுத்திவிட்டேன். ஃபிளாஷும் மடக்கியாகிவிட்டது, வேகம் 1/500. போய்த் தெருவில் இரண்டு படம் எடுத்துவிட்டு வாருங்கள்.

(பெரியவர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார். எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்கிறார். வெற்றி பெற்றவரின் முகத்தோடு திரும்பி வருகிறார்.)

பெரியவர்: பாருங்கள். 1/200. ‘எம்’ நிலை, ஃபிளாஷ் இல்லை, ஜூம் இல்லை. விரலால் கூடத் தொடவில்லை. இதற்கு என்ன விளக்கம்?

(கடைக்காரர் முதன்முறையாக யோசிக்கிறார். மீண்டும் 1/500 வைத்து, கேமராவைப் பெரியவர் கழுத்திலேயே மாட்டி, திரையை எட்டிப் பார்த்தபடி பக்கத்தில் நிற்கிறார். பழுதுபார்ப்பவர்கள் கருவியை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்க மறப்பதுதான் வழக்கம், இவர் பார்த்தார்.)

கடைக்காரர்: ஐயா, ஒரு முறை மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்.

பெரியவர்: எதற்கு? (இழுத்து விடுகிறார். ‘கிளிக்’ என்று சத்தம். 1/400. இன்னொரு மூச்சு. 1/320.)

கடைக்காரர்: வேகத்தை மாற்றும் சக்கரம் கேமராவின் பின்புறம், கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. வாரை மிக நீளமாக விட்டிருப்பதால், கேமரா சரியாக உங்கள் (தொண்டையைச் செருமுகிறார்) சட்டையின் நான்காவது பொத்தானுக்கு நேராக வந்து உட்காருகிறது. நீங்கள் மூச்சு விடும்போதெல்லாம் சக்கரம் ஒரு பல் நகர்கிறது.

பெரியவர்: (வயிற்றையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்து) ஆக, அதிகாரத்தைக் கையில் எடுத்தது என் சொந்த இலாகாவா?

கடைக்காரர்: வாரை நெஞ்சு உயரத்துக்குச் சுருக்கிவிட்டேன். படம் எடுக்காத நேரத்தில் கேமராவை அணைத்து வைத்தால் சக்கரம் சுற்றினாலும் எதுவும் மாறாது. கையேட்டில் வேறு எந்த வைத்தியமும் இல்லை. ஐம்பது ரூபாய் கொடுங்கள், ஐயா.

பெரியவர்: தருகிறேன். ஆனால் ரசீதில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதப் போகிறீர்கள்?

கடைக்காரர்: நடந்ததை எழுதுகிறேன்.

பெரியவர்: வேண்டாம், தம்பி. வீட்டில் ரசீதுகளை ஒன்றுவிடாமல் படிக்கும் வழக்கம் உண்டு. நாளையிலிருந்து எனக்கு இரவுச் சாப்பாட்டில் இரண்டு தோசை குறைந்துவிடும். “வெளிப்புற அழுத்தம் காரணமாக” என்று எழுதி முத்திரை வையுங்கள்.