"வழக்கமா எதில் போவீங்க?" என்று கேட்கவே கூடாது

ரெண்டு நாளாக எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றுகிறதே, அந்த கூகுள் ஃபார்ம். சென்னைக்குப் போக்குவரத்துத் திட்டம் போட சர்வேயாம். "உங்கள் குடும்பம் வழக்கமாக எதில் பயணிக்கிறது?" வீட்டுக்கு ஒரு பதில், ஒரே ஒரு டிக். குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியிலா போகும்?

நேற்றைக் கேட்கணும் சார். வழக்கத்தைக் கேட்டால் மனுஷன் சொந்த பைக்கைச் சொல்வார். நேற்றைக் கேட்டால்தான் மேடவாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறியது, வேளச்சேரியில் பறக்கும் ரயில் பிடித்தது, மயிலாப்பூரில் இறங்கி நடந்தது என்று துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் கிளம்பிய நேரம், காத்திருந்த நேரம், கொடுத்த காசு தனித்தனியாக எழுதணும். "ரயில்" என்று ஒரு டிக்கில் முடித்தால் நடையும் ஷேர் ஆட்டோவும் காணாமல் போகும். அப்புறம் "இங்கே யாருங்க நடக்கிறாங்க" என்று நடைபாதையை வெட்டுவார்கள்.

வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்கணும். கதவைத் திறக்கும் ஆண், மனைவியைக் கேட்டால் "அவங்க எங்கயும் போகலைங்க" என்பார். உள்ளேயிருந்து குரல் வரும்: "அப்போ பாப்பாவை ஸ்கூல்ல விட்டது யாரு?" வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து ரேஷன் கடை, கடையிலிருந்து வீடு, மத்தியானம் மறுபடி ஸ்கூல், திரும்ப வீடு. ஐந்து பயணம். கதவைத் திறந்தவர் கணக்கில் பூஜ்யம். 2011 சென்சஸிலும் இதே கதைதான். வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள், அதுவும் விவசாயம், வீட்டுத்தொழில் தவிர்த்த தொழிலாளர்களிடம் மட்டும். இந்த அம்மாவுக்கு அதில் கட்டமே கிடையாது. 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. அதனால் ஒரே வீட்டில் அவருக்கு பைக், அவங்களுக்கு பஸ். இதில் எதை டிக் பண்ணுவது?

"ஆன்லைன்னா செலவு கம்மி" என்பீர்கள். கம்மிதான், ஒப்புக்கொள்கிறேன். "அப்புறம் வெயிட் போட்டு, அதாவது குறைவா வந்த பதிலுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்து, சரிபண்ணிடலாம்" என்று புள்ளியியல் புலிகள் வருவார்கள். பத்துப் பேரை ஆயிரமாகப் பெருக்கலாம். ஒருத்தர்கூட நிரப்பாத தெருவை எதால் பெருக்குவீர்கள்? அபார்ட்மென்ட் குழுவில் ஃபார்மைப் போட்டால் கார்தான் வரும். அதைக் காட்டி இன்னொரு மேம்பாலம் கட்டுவீர்கள்.

இதைச் சொன்னதுக்கு "குறை சொல்றதே பொழப்பா?" என்று கமெண்ட். சரிங்க, பொழப்புதான்.

ஆளை அனுப்புங்கள். வார நாளில், சாயங்காலம் ஆறுக்கு மேல், எல்லோரும் இருக்கும்போது. வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள், பூட்டிவிட்டுப் போனவர்தான் அதிகம் அலைகிறவர். மூன்று தடவையாவது திரும்பிப் போங்கள்.